1991 என்று திகதி போட்டிருந்த நூறு ரூபா



இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

எமது பாடசாலையில் தரம் 10 பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு சிறிய சேகரிப்பைச் செய்து வருகிறோம். 1983 முதல் 2009 வரை, அதாவது எமது நாட்டில் யுத்தம் நடந்த காலத்தில் புழங்கிய காசுத்தாள்கள். கடையில் வாங்குவதில்லை. வீடுகளில் பழைய பெட்டியில், கிதாபுக்குள், அலுமாரித் தட்டில் விரித்த பேப்பருக்கு அடியில் கிடப்பதைக் கேட்டுப் பார்க்கிறோம். தருபவர்கள் தாளோடு அதன் கதையையும் தர வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

போன தவணையில் ஒரு பிள்ளை ஒரு நூறு ரூபாத் தாளைக் கொண்டு வந்தது. யாசீன் கிதாபுக்குள் வைத்து, அதன் மேல் ஒரு பொலித்தீன் உறை, அதற்கும் மேல் ஒரு கைலேஞ்சி சுற்றி. பிள்ளையின் உம்மம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்தவர். "டீச்சர், இது தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் முப்பதாம் திகதி உம்மம்மா கையில கொண்டு வந்த காசு. செலவழிக்காம வச்சிருக்காங்க" என்று பிள்ளை சொன்னதும் வகுப்பே எழுந்து வந்து மேசையைச் சுற்றி நின்றது. சில பிள்ளைகளின் கண் கலங்கியது. எமக்கும்தான்.

உறையை மெல்ல விலக்கிப் பார்த்தோம். பின்பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள். திகதியைத் தேடினோம். 1991-01-01.

1990 ஒக்டோபரில் கொண்டு வந்ததாகச் சொல்லப்படும் தாளில் 1991 ஜனவரி என்று இருந்தது.

பிள்ளைகள் எவரும் அதைக் கவனிக்கவில்லை. நாம் ஒன்றும் சொல்லாமல் தாளை உறைக்குள் வைத்து, "நாளைக்குப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டோம். அன்று இரவு தூக்கம் சரியாக வரவில்லை.

அந்தத் தாள் ஏன் எம்மை அப்படிக் குழப்பியது என்பதைப் புரிந்துகொள்ள, இந்தக் காசுத்தாள்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

இலங்கை மத்திய வங்கி 1950இல் ஆரம்பிக்கப்பட்டது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு தாளிலும் ஒரு திகதி இருக்கிறது. வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் அச்சிட்டிருப்பார்கள். நிதி அமைச்சரின் கையொப்பமும் மத்திய வங்கி ஆளுநரின் கையொப்பமும் இருக்கும். நாம் தினமும் தொட்டுப் புழங்குகிறோம், ஆனால் இதைப் பார்ப்பதில்லை. ஒரு தாள் எந்தக் காலத்தது என்று அறிய நினைப்பவர் முதலில் தேட வேண்டியது இந்தத் திகதியைத்தான்.

ஆனால் அந்தத் திகதி தாள் மக்கள் கைக்கு வந்த திகதி அல்ல. 1991 என்று திகதியிட்ட தாள் 1993இலும் உங்கள் கைக்குப் புதிதாக வந்திருக்கலாம். அதனால் அந்தத் திகதியை வைத்து ஒன்றை மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம். அதற்கு முந்திய வருடம் ஒன்றில் அந்தத் தாள் எவர் பையிலும் இருந்திருக்க முடியாது. பிறகு எப்போது வந்தது, யாரிடம் வந்தது என்பதைத் தாள் சொல்லாது. அதை மனிதர்தான் சொல்ல வேண்டும்.

யுத்தம் தொடங்கிய நேரத்தில் புழக்கத்தில் இருந்தவற்றில் 1979ஆம் ஆண்டுத் தொடரும் ஒன்று. பூ, பறவை, வண்ணத்துப்பூச்சி என்று இயற்கையைக் காட்டிய அழகான தாள்கள் அவை. 500 ரூபாவும் 1000 ரூபாவும் 1981இல் வந்தன. அடுத்து 1982இல் பழைய கட்டடங்களையும் சிற்பங்களையும் காட்டும் தொடர் வந்தது. அதில் நூறு ரூபாவின் பின்பக்கம் கோட்டேயில் அப்போதுதான் திறக்கப்பட்ட புதிய பாராளுமன்றக் கட்டடம். 1990இல் எமது மக்களின் கையில் நூறு ரூபா இருந்தது என்றால், பெரும்பாலும் இந்தப் பாராளுமன்றத் தாளாகத்தான் இருந்திருக்கும்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் உள்ள நூறு ரூபா அதற்கு அடுத்த தொடர். மரபுரிமைத் தொடர் என்று சொல்வார்கள். இருபது ரூபாவில் கம்பின் மேல் இருந்து மீன் பிடிப்பவர்களைக் காட்டியது அதே தொடர்தான். முப்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் அது ஞாபகம் இருக்கும். எமக்கு நோன்புப் பெருநாள் காசாகக் கிடைத்ததும் அந்தத் தாள்கள்தான். அந்தத் தொடரின் முதல் திகதி 1991-01-01.

கையொப்பத்தை வைத்து வேறுபாடு காணலாமா என்றும் பார்த்தோம். முடியாது. 1990இலும் 1991இலும் நிதி அமைச்சர் டி. பி. விஜேதுங்கதான், ஆளுநர் எச். என். எஸ். கருணாதிலக்கதான். படமும் திகதியும்தான் வித்தியாசம். அந்த இரண்டும் ஒரே பதிலைச் சொல்லின.

உள்நாட்டு யுத்தக் காலத்துக் காசுத்தாள் சேகரிப்பது உலகத்தில் பெரிய ஒரு துறை. அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தில் தென் மாநிலங்கள் தனி நாடு என்று சொல்லித் தமக்கென்று டொலர் அச்சடித்தன. அந்தத் தாள்கள் பலவற்றில், வடக்குடன் சமாதான உடன்படிக்கை உறுதியாகி இரண்டு வருடங்கள் கழித்துப் பணம் தருவோம் என்று எழுதியிருந்தது. தெற்கு தோற்றது. அப்படி ஓர் உடன்படிக்கை வரவேயில்லை. தெற்கின் கடன்கள் எதுவும் செல்லாது என்று 1868இல் அமெரிக்க அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். அடிமைகளைக் கொண்டு பருத்திக்காட்டில் வேலை வாங்கும் காட்சியைக்கூட அந்தத் தாள்கள் சிலவற்றில் படமாகப் போட்டிருந்தார்கள். இன்று அவற்றைச் சேகரிப்பவர்கள் கையில் வைத்திருப்பது இல்லாமல் போன ஓர் அரசின் வாக்குறுதியை. நைஜீரியாவிலும் அப்படித்தான். பியாப்ரா பிரிந்து நின்றபோது 1968இல் தனிப் பவுண் தாள் வெளியிட்டது. 1970இல் யுத்தம் முடிந்தபோது அந்தத் தாள்களும் முடிந்து போயின.

எமது யுத்தத்தில் இது நடக்கவில்லை. விடுதலைப் புலிகளிடம் பொலிஸ் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, 1994 முதல் தமிழீழ வைப்பகம் என்ற வங்கியும் இருந்தது. ஆனால் அந்த வங்கியிலும் வைப்பிலிட்டது இலங்கை ரூபாதான். மத்திய வங்கி வெளியிட்ட அதே தாள், மூன்று மொழியும் உள்ள அதே தாள், இரு பக்கமும் புழங்கியது. ஒரே நூறு ரூபா காலையில் இராணுவச் சிப்பாயின் சட்டைப் பையிலும் சில வாரங்களில் காவலரணுக்கு அப்பால் ஒரு வன்னிக் கடைக்காரரின் மேசை லாச்சியிலும் இருந்திருக்கலாம். மனிதர் போக முடியாத இடத்துக்கெல்லாம் அது போய் வந்தது.

அதனால் எமது யுத்தக் காலத் தாளை அதன் முகத்தைப் பார்த்து அடையாளம் காண முடியாது. அதில் யுத்தத்தின் அடையாளமே இல்லை. தேயிலை இருக்கிறது, மீன் இருக்கிறது, பறவை இருக்கிறது. யுத்தம் இருப்பது அந்தத் தாளை வைத்திருந்தவரின் ஞாபகத்தில் மட்டும். அந்த ஞாபகம் பிழைத்தால் அது வெறும் நூறு ரூபா.

இப்போது 1990க்கு வருவோம். எமது ஊரில் இதை அறியாதவர் இல்லை. ஆனால் எமது வகுப்புப் பிள்ளைகள் பிறக்க முன்னர் நடந்தது. அதனால் சுருக்கமாகச் சொல்கிறோம்.

1990 ஒக்டோபர் மாதத்தின் கடைசி இரண்டு வாரங்களில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய மாவட்டங்களில் தமது கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் அது ஒக்டோபர் 30. ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் மைதானத்துக்கு வரச் சொல்லி, இரண்டு மணித்தியாலத்தில் போய்விட வேண்டும் என்று அறிவித்தார்கள். மன்னார்த் தீவு மக்கள் பலர் கடல் வழியாகக் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள்.

கையில் எவ்வளவு கொண்டு போகலாம் என்பதற்கும் வரம்பு இருந்தது. ஊருக்கு ஊர் அந்தக் கணக்கு வேறுபட்டது. யாழ்ப்பாணத்து மக்கள் சொல்வது 150 ரூபா. நகை, வீட்டு உறுதி, பொருட்கள் என்று மீதியெல்லாம் பறிபோயின. காதில் கிடந்த தோட்டைக்கூட கழற்றிக் கொடுத்ததாகச் சொல்லும் பெண்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள்.

எத்தனையோ பேரின் வாழ்க்கை 150 ரூபாவாகச் சுருக்கப்பட்டது. ஒரு நூறும் ஓர் ஐம்பதும். அப்படியான ஒரு நூறு இன்னும் இருக்கிறது என்றால் அது எவ்வளவு பெரிய சான்று! எமது வகுப்பில் பிள்ளைகள் கண் கலங்கியதில் ஆச்சரியம் இல்லை.

அன்றிரவு எம் முன்னால் மூன்று வழி இருந்தது.

ஒன்று, பேசாமல் இருப்பது. யார் திகதியைப் பார்க்கப் போகிறார்கள்? கண்காட்சிக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள், பெருமூச்சு விடுவார்கள், போய்விடுவார்கள். இரண்டாவது, அந்தத் தாளைக் கண்காட்சியில் வைக்காமல் ஏதாவது காரணம் சொல்லித் திருப்பிக் கொடுப்பது. மூன்றாவது, உண்மையைச் சொல்வது.

கல்வியியற் கல்லூரியில் எமக்கு வரலாறு கற்பித்த விரிவுரையாளர் அடிக்கடி ஒன்று சொல்வார். எதிராளியின் சான்றைச் சந்தேகிப்பது எல்லோருக்கும் வரும், தன் பக்கத்துச் சான்றைச் சோதித்துப் பார்ப்பவர்தான் வரலாறு படித்தவர் என்று. பரீட்சைக்காக அதைக் கொப்பியில் எழுதி வைத்தோம். பதினைந்து வருடங்கள் கழித்துத்தான் அது எமக்கே வந்து நின்றது.

யோசித்துப் பாருங்கள். வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றி இன்றும் "அப்படியா நடந்தது?", "கூட்டிச் சொல்கிறார்கள்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் எமது கண்காட்சிக்கு வந்து, அந்தத் தாளின் படத்தை எடுத்து, "பாருங்கள், 1990இல் கொண்டு வந்த காசாம், திகதி 1991" என்று போட்டால் என்ன ஆகும்? பிழையான ஒரு தாளைக் காட்டி உண்மையான 75,000 பேரின் கதையைப் பொய்யாக்கிவிடுவார். நாமே அதற்கு வழி செய்து கொடுத்தவர்கள் ஆவோம்.

ஆனால் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பிள்ளையிடம் "உன் உம்மம்மா சொன்னது பிழை" என்று சொல்வதா? அதுவும் முடியாது. பதினைந்து வயதுப் பிள்ளை. அன்று வகுப்பே அதை மரியாதையோடு பார்த்தது.

அடுத்த நாள் பின்னேரம் அந்த வீட்டுக்குப் போனோம்.

முகாம் ஓலைக் குடிசையாகத் தொடங்கி, தகரமாகி, இப்போது கல்வீடாக இருக்கும் வீடு. உம்மம்மாவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. கண் மங்கல், ஆனால் பேச்சுத் தெளிவு. பிளேன்டீயும் வட்டிலப்பமும் வைத்தார்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஊர்க் கதை பேசினோம். பிறகு தாளை வெளியே எடுத்து, "உம்மம்மா, இது எப்ப கையில வந்த காசு?" என்று மட்டும் கேட்டோம்.

அவர் தாளை வாங்கி விரலால் தடவினார்.

"இது அவர் உப்பளத்துல உழைச்ச காசு மகள்."

பக்கத்தில் நின்ற அவரது மகன், அதாவது பிள்ளையின் மாமா, "உம்மா, இது யாழ்ப்பாணத்துல இருந்து கொண்டு வந்ததெல்லோ?" என்றார்.

"அந்தக் காசு எங்க மிஞ்சும்? அம்பது ரூபா வவுனியாவுக்கு வர முந்தியே போச்சு. உனக்குக் காய்ச்சல். நூறு ரூபாவை இஞ்ச வந்து ஒரு சட்டியும் பானையும் வாங்கி, மிச்சத்துக்கு அரிசி வாங்கினம். ஒரு கிழமை தாங்கேல்ல. ஆர் சொன்னது அதை வச்சிருக்கிறன் எண்டு?"

யாரும் சொல்லவில்லை. அதுதான் உண்மை. அவர் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை. அவர் பிள்ளைகளிடம் சொன்னதெல்லாம் "இது அந்தக் காலத்துக் காசு, தொடாதீங்க" என்பது மட்டும். கேட்ட பிள்ளைகள் அந்தக் காலம் என்றால் 1990 ஒக்டோபர் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் அப்படியே சொன்னார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. முப்பது வருடங்களில் இரண்டு கதைகள் ஒன்றாகிவிட்டன.

பிறகு அவர் உண்மையான கதையைச் சொன்னார். அவரது கணவர் யாழ்ப்பாணத்தில் தையல்காரர். சொந்தமாக மூன்று மெஷின். புத்தளம் வந்த பிறகு ஊசி வாங்கவும் வழியில்லை. மாதக்கணக்காக நிவாரணத்தை நம்பி இருந்தார்கள். அது அவருக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. வரிசையில் நிற்கப் போகமாட்டார், மனைவியைத்தான் அனுப்புவார். பிறகு ஒருவர் மூலமாக உப்பளத்தில் கூலி வேலை கிடைத்தது. தைத்துப் பழகிய கை உப்பில் வெடித்தது. முதல் கூலிக் காசில் கொழுந்து பறிக்கும் பெண்கள் உள்ள புது நூறு ரூபா ஒன்று இருந்தது. அதைக் கொண்டு வந்து மனைவியின் கையில் வைத்து, "இது ஒருத்தரும் தந்ததில்ல" என்றாராம்.

அதனால்தான் அதைச் செலவழிக்கவில்லை. பசித்த நாட்களிலும் செலவழிக்கவில்லை.

பிள்ளையின் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு அன்றுதான் இது தெரியும். அவரது வாப்பா மௌத்தாகிப் பல வருடங்கள்.

உறவுகளே, நாம் தாளின் திகதியைக் கவனிக்காமல் விட்டிருந்தால், அல்லது கவனித்தும் பேசாமல் இருந்திருந்தால், இந்தக் கதை அந்த மூதாட்டியோடு போயிருக்கும். குடும்பமே சொல்லிக்கொண்டிருந்த கதையில், அந்த மனிதர் உப்பில் கை வெடிக்க உழைத்தது இல்லாமல் போயிருந்தது. துரத்தப்பட்டது மட்டும் எஞ்சியிருந்தது. அந்தத் திகதி எமது சான்றைக் கெடுக்கவில்லை. மறைந்து கிடந்த இன்னொரு சான்றைக் காட்டிக் கொடுத்தது.

அடுத்த நாள் வகுப்பில் அந்தப் பிள்ளையே எழுந்து எல்லாவற்றையும் சொன்னது. நாம் முதல் நாள் இரவே அதனோடும் அதன் உம்மாவோடும் பேசி, விருப்பம் கேட்டிருந்தோம். பிள்ளை சொல்லி முடித்ததும் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "அப்ப உம்மம்மா கொண்டு வந்த அந்த நூறு ரூபா இப்ப எங்க இருக்கும் டீச்சர்?" நல்ல கேள்வி. புத்தளத்தில் சட்டி விற்ற கடைக்காரரிடம் போய், அங்கிருந்து எங்கெங்கோ போய், கடைசியில் கிழிந்து மத்திய வங்கிக்குத் திரும்பி அழிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான காசின் கதை அதுதான். கொண்டு வந்த காசு மிஞ்சவில்லை என்பதே அன்றைய நிலைமைக்குச் சான்று என்று சொன்னோம்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு எமது பெட்டியில் இருந்த எல்லாத் தாள்களையும் திரும்ப எடுத்துத் திகதி பார்த்தோம். பிள்ளைகள் ஒரு பக்கம் தாளின் திகதியையும் மறு பக்கம் அந்த நாட்களில் நாட்டில் நடந்ததையும் எழுதத் தொடங்கினார்கள். சில பொருத்தங்கள் எம்மை நிறுத்தி யோசிக்க வைத்தன.

1995-11-15 என்று திகதியிட்ட தாள்கள் உண்டு. அந்தத் திகதிக்கு இரண்டு வாரம் முன்னர், 1995 ஒக்டோபர் 30இல், இராணுவம் யாழ்ப்பாண நகரை நெருங்கியபோது வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். கவனியுங்கள், ஒக்டோபர் 30. எமது மக்கள் அதே நகரிலிருந்து வெளியேற்றப்பட்டுச் சரியாக ஐந்து வருடங்கள். அதே திகதிக்குப் பதினொரு வாரங்களின் பின்னர், 1996 ஜனவரி 31இல், கொழும்பில் அந்தத் தாள்களை வெளியிட்ட மத்திய வங்கியின் வாசலிலேயே வெடிமருந்து நிரப்பிய லொறி வெடித்தது. 90க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் வங்கி ஊழியர்களும் வீதியில் போனவர்களும் இருந்தார்கள். ஒரு தாளின் திகதிக்கு முன்னும் பின்னும் மூன்று இனத்தவரின் கண்ணீர் இருக்கிறது.

எம்மோடு கற்பிக்கும் தமிழ் ஆசிரியை ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, தன் அம்மா அந்த 95 ஒக்டோபர் இரவு சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நடந்த ஐம்பது ரூபா ஒன்றைக் கொண்டு வந்து தந்தார். நடுவில் கிழிந்து, ஒட்டுப் போட்டு, மழையில் நனைந்து காய்ந்த தாள். அதற்கும் திகதி பார்த்தோம். சரியாக இருந்தது. அதை அந்த நூறு ரூபாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். யாருடைய துயரம் பெரியது என்று பார்ப்பதற்காக வைக்கவில்லை. ஒரே ஊரை விட்டு இரண்டு தடவை இரண்டு மக்கள் போனார்கள் என்பதைப் பிள்ளைகள் ஒரே பார்வையில் காண வேண்டும் என்பதற்காக.

1998-02-04 திகதியிட்ட 200 ரூபா, சுதந்திரப் பொன்விழாவுக்காக வந்த பிளாஸ்டிக் தாள். அந்த விழா கண்டியில் நடக்க இருந்தது. பத்து நாட்களுக்கு முன்னர், ஜனவரி 25இல், தலதா மாளிகை மீது குண்டுத் தாக்குதல் நடந்ததால் கொழும்புக்கு மாற்றப்பட்டது. அந்தத் தாளின் பளபளப்பில் இது எதுவும் தெரியாது.

கடைசியாக 2009-05-20 திகதியிட்ட 1000 ரூபா. யுத்தம் முடிந்ததைக் குறித்து அந்த வருடம் நவம்பரில் வெளியிட்டார்கள். முன்பக்கம் அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ இரு கைகளையும் உயர்த்தி நிற்கிறார், பின்பக்கம் படையினர் தேசியக் கொடியை ஏற்றுகிறார்கள். எமது சேகரிப்பில் யுத்தம் படமாகவே தெரியும் ஒரே தாள் அதுதான். வென்றவர் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்ள விரும்பினார் என்பதற்கு அது நல்ல சான்று. மற்றவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்குச் சான்று கிழிந்த ஐம்பதிலும் மடித்து வைத்த நூறிலும்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படித் தாள்கள் இருக்கலாம். சில வேண்டுகோள்கள்.

தாளை லெமினேட் செய்யாதீர்கள். ஒருமுறை ஒட்டினால் பிறகு பிரிக்க முடியாது. அயன் பண்ணாதீர்கள், கழுவாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். மடிப்பும் அழுக்கும் அந்தத் தாளின் கதையின் ஒரு பகுதி. எமது கடற்கரைக் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். மலிவான பிளாஸ்டிக் உறைக்குள் வருடக்கணக்கில் வைத்தால் தாள் ஒட்டிப் பழுதாகிவிடும். சுத்தமான வெள்ளைக் கடதாசியில் உறை செய்து, ஒரு கொப்பியின் நடுவில் தட்டையாக வைத்து, பூச்சி போகாத இடத்தில் வையுங்கள். தாளின் மேல் எதையும் எழுதாதீர்கள். காசுத்தாளில் எழுதுவது சட்டப்படி குற்றமும்கூட. வேறு துண்டில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள்.

எழுத வேண்டியவை நான்கு. தாளில் உள்ள திகதி. யார் கையில் இருந்தது. எப்போது, எப்படி அவர் கைக்கு வந்தது. இதை யார், எந்த நாளில் உங்களுக்குச் சொன்னார். கடைசியை மறக்க வேண்டாம். தானே கண்டு சொன்னவரா, கேட்டுச் சொன்னவரா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. எமது நூறு ரூபாவில் நாம் கற்றது அதைத்தான்.

விலை கேட்டு வருபவர்களுக்கு அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். சேகரிப்புக் கடைக்காரர்களுக்கு மடிக்காத புதுத் தாள்தான் பெறுமதி. கிழிந்த ஐம்பதுக்கு அவர்கள் ஐம்பதும் தரமாட்டார்கள். கொழும்புக் கோட்டையில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு தொடரின் தாளும் புத்தம் புதிதாக அங்கே இருக்கும். ஆனால் சோனகத் தெருத் தையல்காரர் ஒருவரின் முதல் உப்பளக் கூலி அங்கே இருக்காது. அது உங்கள் அலுமாரியில்தான் இருக்கும்.

எமது கண்காட்சி மேசையில் அந்தத் தாளுக்குக் கீழே பிள்ளைகளே எழுதிய குறிப்பை அப்படியே தருகிறோம்:

"நூறு ரூபா. திகதி 1991-01-01. 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஒருவர் புத்தளம் உப்பளத்தில் உழைத்த முதல் கூலி. கொண்டு வந்த 150 ரூபா ஒரு கிழமையில் முடிந்துவிட்டது. சொன்னவர்: அவரது மனைவி. நாம் நேரில் கேட்டோம்."

எமக்கு நடந்தது உண்மை. உண்மைக்குப் பிழையான சான்று தேவையில்லை. சரியான சான்றைத் தேடும் பொறுமை மட்டும் தேவை. அந்தச் சான்றைச் சொல்லக்கூடிய மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த வாரம் ஒரு பின்னேரம் ஒதுக்கி அவர்கள் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

அந்த உம்மம்மாவுக்காகவும் துஆச் செய்யுங்கள். போன கிழமை அவர் கண்காட்சி பார்க்க வந்தார். குறிப்பைப் பேத்தி வாசித்துக் காட்டியதும், "அவர்ட பேரையும் போட்டிருக்கலாமே" என்றார். குடும்பத்தாரோடு பேசியிருக்கிறோம். அடுத்த கண்காட்சியில் பெயரும் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.